மெக்கானிக்கைக் கண்டதும் மறையும் குறை: முதிர்ந்த எஸ்யூவிகளின் சென்சார் நோய் குறித்து ஓர் ஆய்வுரை

நிகழ்வு எளியது. வயதான டீசல் எஸ்யூவி ஒன்று நடுவழியில் நின்றுவிடுகிறது. சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. உரிமையாளர் இறங்கிப் போய் பானட்டைத் தூக்குகிறார். உள்ளே பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் நின்றுபோன வண்டியின் பானட்டைத் தூக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது. மெக்கானிக்குக்குப் போன் போகிறது. முக்கால் மணி நேரம் கழித்து அவர் பைக்கில் வந்து இறங்கி, சாவியை வாங்கி ஒரு திருகு திருகுகிறார். வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது.

“வண்டி நல்லாத்தானுங்க சார் இருக்குது” என்கிறார் அவர். பின்சீட்டில் இருக்கும் குடும்பம் மொத்தமும் உரிமையாளரைப் பார்க்கிறது.

இதற்கு மெக்கானிக் முன்னிலை மறைவு என்று பெயரிடலாம்; இனி, ஆய்வு மரபையொட்டி, மெ.மு.ம. இந்நிகழ்வுக்கு வழக்கிலுள்ள விளக்கங்கள் மூன்று. கைராசி என்பது முதலாவது. இதை எந்த மெக்கானிக்கும் மறுத்ததாகத் தெரியவில்லை. திருஷ்டி என்பது இரண்டாவது. பம்பரில் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் காய்ந்து சருகான வண்டிகளில் இக்கோட்பாட்டுக்கு ஆதரவு அதிகம். உரிமையாளருக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது மூன்றாவது. இதைப் பெரும்பாலும் மைத்துனர்கள் முன்மொழிகிறார்கள். மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வண்டி அடுத்து எப்போது நிற்கும் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

இக்கட்டுரை முன்வைக்கும் நான்காவது விளக்கம் அதைச் சொல்லும். மெக்கானிக் வந்து சேர ஆகும் நேரமும், பானட்டுக்கு அடியில் ஒரு சிறு கம்பிச்சுருள் ஆறுவதற்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அவர் எதையும் சரிசெய்யவில்லை. தாமதமாக வந்தார்; தாமதம்தான் வைத்தியம்.

ஆய்வெல்லை

பத்து வயதைத் தாண்டி, பதினைந்தை எட்டாத வண்டிகளே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. பதினைந்து முடிந்தால் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டி, எஃப்சி வாங்கி, ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் உரிமையாளரின் கவலைகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. வாரண்டி முடியாத வண்டிகள் விலக்கப்பட்டன. வீட்டில் இன்னொரு கார் வைத்துக்கொண்டு பழைய எஸ்யூவியும் வைத்திருப்பவர்கள் விலக்கப்பட்டனர். அவர்களுக்கு இது நோயல்ல, பொழுதுபோக்கு.

முன்னோர்

நெருப்பு மூட்டுவதுதான் என்ஜினின் ஆதிச் சிக்கல். ராபர்ட் பாஷ் 1897இல் ஒரு மூன்று சக்கர வண்டியில் தம் மேக்னெட்டோவைப் பொருத்தி அதற்கு ஒரு வழி செய்தார். அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் ஜோடி சேர்த்தார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி, காயில், பாயிண்ட் என்ற ஏற்பாட்டை 1910இல் காடிலாக்கில் கொண்டுவந்தார். 1912இல் செல்ஃப் ஸ்டார்ட்டரும் அவர் கைவண்ணத்தில் அதே காருக்கு வந்தது. அந்த பாயிண்ட்தான் நம்மூர் பெட்ரோல் அம்பாசிடர் வரைக்கும் வந்து சேர்ந்தது. மழையில் நின்ற அம்பாசிடருக்கு ஸ்கேனர் தேவைப்படவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து, பாயிண்ட்டை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து மூடினால் வண்டி கிளம்பியது. டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அக்காலம் பொற்காலமா என்றால் இல்லை. பிரிட்டனில் கார்களுக்கு மின்சாமான் செய்த ஜோசப் லூகாஸ் நிறுவனத்தாருக்கு, ஹெட்லைட் அடிக்கடி அணைந்ததைக் கண்டு வெறுத்துப்போன கார்க்காரர்கள் இருட்டின் இளவரசர் என்று பட்டம் சூட்டினார்கள். சென்னை பாடியில் அதன் கூட்டு ஆலையாக லூகாஸ் டிவிஎஸ் வந்தபின் அங்கிருக்கும் பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் என்று பெயராகிவிட்டது. பட்டம் அங்கேயே தங்கிவிட்டது, பெயர் மட்டும் கப்பலேறி வந்தது.

டீசலுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய என்ஜின் தீப்பொறியே கேட்கவில்லை. காற்றை இறுக்கி அமுக்கினால் அது கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் வண்டியில் இக்னிஷன் கோளாறு என்று ஒன்று இருக்கவே கூடாது. தர்க்கம் சரிதான். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு காமன் ரெயில் டீசல் சந்தைக்கு வந்தது. தர்க்கம் அதோடு காலாவதியானது. எந்தக் கணத்தில், எவ்வளவு பீய்ச்சுவது என்பது கம்ப்யூட்டரின் பொறுப்பாயிற்று. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியாதவரை அந்தக் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. பழைய டீசல் வண்டியை நாலு பேர் தள்ளினால் கிளம்பியது. காமன் ரெயில் வண்டியை ஊரே கூடித் தள்ளினாலும், கிராங்க் சென்சார் வாய் திறக்காவிட்டால் அது நகர்ந்த இடத்தில் போய் நிற்கும், அவ்வளவுதான்.

நிலமும் பொழுதும்

வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரிய பொழுதுகள், பிரிவு அதன் உரிப்பொருள் என்று இலக்கணம் வகுத்தவர்கள் நான்கு சக்கர வாகனத்தைப் பார்த்திராதவர்கள். ஆயினும் மெ.மு.ம.வின் முதற்பொருளை அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள். மார்கழி அதிகாலையில் இந்நோய் அபூர்வம். சித்திரை உச்சிவெயிலில், டோல்கேட் தாண்டி டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது, அல்லது பங்க்கில் டீசல் போட அணைத்துவிட்டுத் திரும்பத் திருகும்போது வரும்.

மலைப்பாதை இதற்கு உகந்த ஆய்வுக்கூடம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை தெரியும், எல்லோரும் வண்டியை ஓரம்கட்டிப் படம் எடுப்பார்கள். ஏறும்வரை வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அணைத்துவிட்டு, படம் எடுத்து, எடுத்த படம் சரியில்லை என்று வேறொரு படமும் எடுத்து, கால் மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருகும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. காரணம் இது. ஏற்றத்தில் என்ஜின் என்னதான் கொதித்தாலும் ஃபேன் சுற்றுகிறது, வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுழற்றுகிறது, எதிர்க்காற்று அடிக்கிறது. அணைத்த உடனே மூன்றும் நின்றுவிடும். இரும்பிலும் டர்போவிலும் சேர்ந்திருந்த சூடு போக வழியில்லாமல் பானட்டுக்குள்ளேயே பரவும். நிறுத்திய சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் சிறு சாமான்கள் ஓடும்போது இருந்ததைவிட அதிகச் சூடாகின்றன. ஓய்வெடுக்கும்போது சூடேறுவது எஸ்யூவிக்கும் சில ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் பொதுவான இயல்பு.

அந்தச் சிறு சாமான்களில் தலைமையானது கிராங்க் சென்சார். கட்டை விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் உருளை, ஒரே ஒரு போல்ட், வால்போல ஒரு ஒயர். ஒருவகைச் சென்சாரில் உள்ளே ஒரு காந்தமும், அதைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எதிரே, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தள்ளி, ஒரு பல்சக்கரம் சுழலும். பல என்ஜின்களில் அதில் 60 பல்லுக்கு இடம் உண்டு, 58 பல்தான் இருக்கும். இரண்டு வேண்டுமென்றே விடப்பட்டவை. பல்லுக்குப் பல் 6 டிகிரி. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு துளி மின்சாரம் தூண்டப்படும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே விதி. பொக்கை வரும்போது துடிப்பு ஒரு கணம் தப்பும். அந்தப் பொக்கையை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பிஸ்டனின் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இன்னொரு வகை, 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவில் இயங்குவது. அதில் சுருளுக்குப் பதில் ஒரு சில்லு. ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டுக்கும் ஒரே தலையெழுத்துதான்.

சூடாவதும் ஆறுவதுமாகப் பத்து வருடம். செம்பும் அதைப் பொதிந்திருக்கும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் சாலிடர் வைத்த முனையில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. ஆறியிருக்கும்போது இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடானால் விலகும். கழற்றி மேஜைமேல் வைத்து மீட்டரில் ஓம் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமிருக்காது, ஏனென்றால் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் அது ஆறிவிட்டது. மெ.மு.ம.வின் மறைபொருள் முழுவதும் இந்த விரிசலுக்குள் அடக்கம்.

ஆய்வை அந்த இடத்திலேயே, அந்தச் சூட்டிலேயே நடத்த வேண்டும். அதற்கு ஆயுதம் ஒரு தண்ணீர் பாட்டில். இதில் தேர்ந்த மெக்கானிக் வந்ததும் சாவியைக் கேட்பதில்லை.

“சார், நீங்க செல்ஃப் அடிங்க. அடிக்கறப்ப ஆர்பிஎம் முள்ளு ஆடுதான்னு மட்டும் பாருங்க.”

“ஆடலீங்கண்ணா. அப்படியே படுத்துக் கெடக்குது.”

“டேய் தம்பி, துணிய நனைச்சுக் கொண்டா.”

பையன் வண்டிக்கு அடியில் புகுந்து, கியர்பாக்ஸ் தொடங்கும் இடத்தில் கைவிட்டு, ஈரத்துணியைச் சென்சாரின்மேல் அழுத்திப் பிடிக்கிறான். சன்னமாக ஆவி வருகிறது. இரண்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை.

“இப்ப அடிங்க.”

முள் பூஜ்யத்தை விட்டு மெல்ல எழுகிறது, இருநூறுக்கு அருகில் நடுங்குகிறது, என்ஜின் பிடிக்கிறது. தம்பிக்குத் தெரிந்துவிட்டது, அண்ணனுக்கு அது முன்பே தெரியும். எல்லா வண்டிகளிலும் செல்ஃப் சுற்றும்போது முள் எழுவதில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். எழும் வண்டிகளில் இதைவிட மலிவான சோதனை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இக்குறை உள்ளூர்ச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு: 4.0 லிட்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட பழைய ஜீப் செரோக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களுக்கு இது குலநோய். அங்கும் சென்சார் என்ஜினின் பின்கோடியில், கை எட்டாத மூலையில் இருக்கிறது. சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். ஃபோர்டு நிறுவனத்தின் கதை இன்னும் பெரியது. 1980களில் அது டிஎஃப்ஐ என்ற இக்னிஷன் மாட்யூலைப் பல கார்களில் நேரே டிஸ்ட்ரிபியூட்டரின் மீதே, அதாவது என்ஜின் சூட்டிலேயே, பொருத்தியது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நின்றது; ஆறியதும் கிளம்பியது; கொண்டுபோய்க் காட்டினால் ஒன்றும் தெரியவில்லை. வழக்கு நடந்தது. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியா நீதிபதி ஒருவர் அம்மாநிலத்தில் ஓடும் அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். மறு ஆண்டு சமரசம் ஆயிற்று. ஆக மெ.மு.ம. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட ஒன்று. மைத்துனர்கள் கவனிக்க.

ஸ்கேனர் பள்ளியும் காதுப் பள்ளியும்

நோய் நாடும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. காதுப் பள்ளியினர் வண்டியை ஓட்டவிட்டு, மிஸ்ஸிங் அடிக்கிறதா என்று கேட்டு, புகையின் நிறம் பார்த்து, ஸ்பேனரின் ஒரு முனையை என்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள். ஸ்கேனர் பள்ளியினர் ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் கருவியைச் சொருகித் தீர்ப்புச் சொல்பவர்கள். அந்த சாக்கெட்டும் ஓபிடி 2 முறையும் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாயின. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2013 ஏப்ரலில். இப்போது இஎல்எம் 327 சில்லின் நகல் ஒன்றை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிச் சொருகி, மொபைலிலேயே கோடு பார்த்துவிட்டு, மெக்கானிக்கிடம் போய் அவருக்கே பாடம் எடுக்கும் மூன்றாம் பள்ளி ஒன்றும் உருவாகியிருக்கிறது. இப்பள்ளியை இரு பள்ளியினரும் ஒருமனதாக வெறுக்கிறார்கள்.

கோடு என்பது சாட்சி. குற்றவாளியின் பெயர் அதில் இருக்காது. இந்த ஒன்றை மறந்ததால்தான் பழைய எஸ்யூவிகளின் வாழ்நாள் செலவு இரட்டிப்பாகிறது. பி0335 என்று ஸ்கேனர் சொன்னால், கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சர்க்யூட்டில் சென்சார் ஒரு பங்காளி. ஒயர், கப்ளர், எர்த், கம்ப்யூட்டரின் பின் எல்லாம் மற்றப் பங்காளிகள். “கிராங்க் சென்சார் போயிருச்சுங்க, மாத்திரலாம்” என்று சொல்வது, சம்பவ இடத்தில் கூச்சல் போட்டவனையே உள்ளே தள்ளும் வேலை. புதுச் சென்சார் மாட்டியதும் வண்டி ஓடும். மாட்டும்போது கப்ளரைக் கழற்றி மாட்டினார்களே, அதனால் ஓடும். மூன்று வாரம் கழித்து அதே கோடு வரும். அப்போது கேம் சென்சாரையும் மாற்றலாம் என்று யோசனை சொல்லப்படும்.

பல சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரே 5 வோல்ட் தடத்திலிருந்து மின்சாரம் கொடுக்கிறது. அத்தடத்தில் ஏதோ ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் 5 வோல்ட் சரிந்து, சம்பந்தமே இல்லாத நான்கைந்து சென்சார்களும் ஒரே நேரத்தில் புலம்ப ஆரம்பிக்கும். மீட்டரில் விளக்குகள் வரிசையாக எரியும். ஸ்கேனரில் கோடுகள் பக்கம் பக்கமாக ஓடும். உரிமையாளர் விலை விசாரித்துவிட்டு ஓஎல்எக்ஸில் விளம்பரம் எழுத உட்கார்ந்துவிடுவார். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவார். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப எழுகிறதோ அது மட்டும்தான் குற்றவாளி, மற்றவை விடுதலை.

ஆக்ஸிலேட்டர் பெடலில் தலைகீழ் ஏற்பாடு. அங்கே ஒரே பெடலுக்கு இரண்டு சென்சார்கள் அமர்த்தப்பட்டிருக்கின்றன. ஒன்று சொல்வதை மற்றொன்றோடு கம்ப்யூட்டர் ஒப்பிடும். முரண்பட்டால் எதையும் நம்பாமல் என்ஜினை நடைவேகத்துக்குச் சற்று மேலே பூட்டிவிடும். லாரியை முந்தும் நேரத்தில் பிக்கப் போவது இதனால்தான். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரியாது.

எர்த்

இந்த இயல் சிறியது, ஆனால் இதை முதலில் படித்திருந்தால் மற்றவற்றைப் படிக்க வேண்டியிருந்திருக்காது. பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து என்ஜினுக்கும் பின்னிய செம்புப் பட்டை ஒன்று போகிறது. பத்து மழைக்காலத்துக்குப் பிறகு அதன் போல்ட்டுக்கடியில் துருவும் களிம்பும் ஏறியிருக்கும். செல்ஃப் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த வழியாகத் திரும்பிப் போக வேண்டும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் இழுக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. எர்த் பட்டையின் இரு முனையிலும் மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால், கம்ப்யூட்டர் பட்டினியில் மயங்கி வாய்க்கு வந்த கோடுகளை எல்லாம் உளறும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வேசலின் தடவி இறுக்கினால் போதும். கெட்டரிங் காலத்திலிருந்து இன்றுவரை காலாவதியாகாத ஒரே மருந்து உப்புத்தாள்.

கருப்பொருள்: எலி

இந்நிலத்துக்குரிய விலங்கு எலி. சூடான என்ஜின்மேல் இரவு தங்கும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தே தீரும். ஒயர் உறையில் சோயா மூலப்பொருள் சேர்ப்பதால்தான் எலி தின்கிறது என்று அமெரிக்காவில் டொயோட்டா, ஹோண்டா நிறுவனங்கள்மீது வழக்குகள் போடப்பட்டன. மிளகாயின் காரச்சத்தைத் தடவிய டேப் ஒன்றை ஹோண்டாவே ஒயர் சுற்றுவதற்கென்று விற்கிறது. பம்பரில் மிளகாய் கட்டும் நம் மரபு இடத்தில் மட்டும்தான் சற்றுத் தவறியிருக்கிறது என்று இதைக் கொள்ளலாம்.

எலி முழுசாகக் கடித்த ஒயர் உரிமையாளருக்கு நல்லது, உடனே தெரிந்துவிடும். பாதி கடித்த ஒயர்தான் பகை. உறை போய், உள்ளே இருபது இழையில் நான்கு மட்டும் மிஞ்சியிருக்கும். மேட்டில் ஏறினால் தொடும், பள்ளத்தில் இறங்கினால் விடும். வொர்க்‌ஷாப்பின் சமதளத்தில் வண்டி சாதுவாக நிற்கும். இதுவும் மெ.மு.ம.வே, சூட்டுக்குப் பதில் குலுக்கல்.

சாவிக்கொத்து

சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2014இல் அதை யோசிக்க வேண்டி வந்தது. ஷெவ்ரோலே கோபால்ட் உள்ளிட்ட கார்களில் சுவிட்சின் பிடிமானம் பலவீனம். கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும்போதே சாவி பின்னால் நழுவி என்ஜின் அணைந்தது, ஏர்பேக்கும் சேர்ந்து செயலிழந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சரிசெய்யும்வரை சாவியைத் தனியாக மட்டும் போடுங்கள், கொத்து வேண்டாம் என்று நிறுவனம் உரிமையாளர்களிடம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் கிறைஸ்லர், 2005 முதல் 2007 வரையான ஜீப் கிராண்ட் செரோக்கியையும் 2006, 2007 கமாண்டரையும் திரும்ப அழைத்தது; ஏறத்தாழ 7.9 லட்சம் எஸ்யூவிகள். ஓட்டுபவரின் முழங்கால் சாவியில் இடித்தாலே சுவிட்ச் நகர்ந்துவிடக்கூடும் என்பது காரணம்.

இதைக் கேலிப்பொருளாக்க மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வீட்டுச் சாவி, கேட் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் லாக்கர் சாவி, பாட்டில் திறக்கும் வளையம், பித்தளை வேல் அனைத்தையும் ஒரே கொத்தில் தொங்கவிட்டு ஓட்டும் வழக்கம் பதின்மூன்று வயது சுவிட்சுக்குள் இருக்கும் தேய்ந்த பித்தளைத் தொடுமுனைகளுக்கு நல்லதல்ல. வேலை டேஷ்போர்டிலும் வைக்கலாம், அருள் குறையாது.

உரிமையாளரின் மனநிலை

இதுகுறித்துத் திரட்டிய கூற்றுகள் அச்சிடத்தக்கவை அல்ல.

வைத்தியம்

ஆய்வுகள் நடைமுறைக்கு உதவ வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதால் இந்த இயல். வண்டி நிற்கும் கணத்தில் எழுதி வைக்க வேண்டியவை: எவ்வளவு தூரம் ஓடியபின் நின்றது, டெம்பரேச்சர் முள் எங்கே இருந்தது, ஓடும்போதே நின்றதா, அணைத்தபின் பிடிக்கவில்லையா, செல்ஃப் அடிக்கையில் ஆர்பிஎம் முள் ஆடியதா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது. இந்தத் துண்டுச்சீட்டு மெக்கானிக்கின் கைக்குப் போனால் அவர் ஸ்கேனரைத் தேடுவதற்கு முன் யோசிக்க ஆரம்பிப்பார். “திடீர்னு நிக்குதுங்கண்ணா” என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எவராலும் யோசிக்க முடியாது.

கோடு அழிப்பதற்கு முன் மொபைலில் படம் எடுத்து வைப்பது நல்லது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் கோடு அழிந்துவிடும்; விளக்கு அணைந்த மகிழ்ச்சியில் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். சென்சார் மாற்றியே தீர வேண்டும் என்றால் கம்பெனி ஐட்டமாகவே மாற்ற வேண்டும். டூப்ளிகேட் கிராங்க் சென்சார் பழைய ஒரிஜினலைவிடச் சீக்கிரம் சூட்டுக்கு மயங்கும், அப்போது புதுச் சென்சார் மாட்டியாயிற்றே என்று யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். மாற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதைக் கையில் வைத்து ஹேர் டிரையரால் சூடுபடுத்திக்கொண்டே ஓம் பார்த்தால், சுருள் வகையாக இருக்கும் பட்சத்தில், ரீடிங் திடீரென்று காணாமல் போகும் கணம் வரும். பி0335 போட்ட கோளாறு அந்தச் சுருளில்தான் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ரீடிங் அசையவே இல்லையென்றால் ஒயரைப் பார்க்க வேண்டும், அல்லது எலியை.

இவ்வாறு முறைப்படி நோய் கண்டு, கிராங்க் சென்சார் மாற்றி, எர்த் போல்ட் தேய்த்து, கப்ளர்களில் பூத்த பச்சையைச் சுத்தம் செய்து, சாவிக்கொத்தின் எடை குறைத்து வெளியே வரும் எஸ்யூவி, பல நேரங்களில், வேறொரு விளக்கைக் காட்டுகிறது: ஏர்பேக். ஸ்டியரிங்குக்குள் சுருட்டிவைத்த பட்டைக் கேபிள் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் இடமும் வலமும் திருகியதில் அது இற்றுப்போயிருக்கும். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று உரிமையாளர்கள் பல மாதம் பொறுத்துக்கொள்கிறார்கள்; இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஹாரன் அடிக்கவில்லை என்றால் மட்டும் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கிலோமீட்டர்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் அன்றைக்கே வொர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே மெக்கானிக் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாகத் திருப்பி அமுக்குகிறார். ஹாரன் நன்றாக அடிக்கிறது.